உயரம் அளக்காத புறநோயாளிப் பிரிவு: கண் முன்னே தப்பிச் செல்லும் குழந்தைப் பருமன்

புது தில்லி: காய்ச்சல், இருமல் என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பத்து வயதுச் சிறுவனை, மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் முதலில் எடை மேடையில் ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கான மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதே அதற்குக் காரணம். சாதாரண பாராசிட்டமால்கூட, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டே கொடுக்கப்படுகிறது. ஆகவே ஓ.பி. சீட்டின் ஓரத்தில் '47 கிலோ' என்று எழுதப்பட்டுவிடுகிறது. உயரத்துக்கு உரிய இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் குழந்தைப் பருமன் என்னும் நோய், மருத்துவரின் கண் முன்னாலேயே வந்து, இருமல் மருந்துடன் வீடு திரும்பிவிடுகிறது.

உலக அளவில் உடல்பருமனை ஆராயும் விஞ்ஞானிகள் கூட்டமைப்பு 2024-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் 1 கோடியே 25 லட்சம் பேர் உடல்பருமன் உள்ளவர்கள். இவர்களில் ஆண் பிள்ளைகள் 73 லட்சம். பெண் பிள்ளைகள் 52 லட்சம். 1990-ல் இந்த எண்ணிக்கை வெறும் 4 லட்சம். 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் இந்த வயதினரிடையே எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்களின் விகிதம் முதல்முறையாக அதிகமாகிவிட்டது என்று கூறியது.

இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் கருவிகள் என்னவோ மிக எளியவை: சுவரில் பதித்த உயரக் கோல் ஒன்று, வளர்ச்சி வரைபடம் ஒன்று, ஓர் அளவு நாடா. இருந்தும் அது நடப்பதில்லை.

இரண்டு நிமிடம்: முதல் காரணம் நேரம். 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-ல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் வெளியானது. ஸ்வீடனில் 22.5 நிமிடங்கள், வங்கதேசத்தில் 48 விநாடிகள், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் காய்ச்சலைப் பார்ப்பதா, கேட்காத கேள்விக்கு விடை தேடுவதா?

தாய் கேட்பதும் இல்லை. 'காத்தே பீத்தே கர் கா பச்சா' என்பது தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கொழுத்த குழந்தைக்குக் கிடைக்கும் பாராட்டு. உண்பதற்கும் குடிப்பதற்கும் குறைவில்லாத வீட்டுப் பிள்ளை என்று பொருள். நம் பக்கத்துக் 'கொழுகொழு' குழந்தையும் அந்த வகைதான். பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் கண்ட தலைமுறைகளின் கண்ணுக்குச் சதைப்பற்று என்பது ஆரோக்கியத்தின் அடையாளம். அதில் குறை காணும் மருத்துவர் மீதுதான் பாட்டிமார்களுக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது காரணம், பருமன் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற எண்ணம். மேலே சொன்ன 47 கிலோ சிறுவனின் உயரம் 138 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் சுமார் 24.7 என்று வரும். வளர்ந்த மனிதருக்கு 25 வரை இயல்பு என்ற பழைய கணக்கை மனத்தில் வைத்திருப்பவர் இதைக் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் பத்து வயதுச் சிறுவனின் நடு அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் ஆண்டு அட்டவணைப்படி 16-ஐச் சற்றே தாண்டியது; 21.4-க்கு மேல் போனாலே பருமன். குழந்தைகளுக்கு ஒரே எண் கிடையாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

அதிலும் இந்தியக் குழந்தைகளுக்குத் தனி வரைபடமே உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-ல் வெளியிட்ட 5 முதல் 18 வயது வரையிலான வரைபடத்தில், பெரியவர்களின் 23, 27 என்ற அளவுகளுக்கு இணையான இரு கோடுகள் வரையப்பட்டுள்ளன. முதல் கோட்டைத் தாண்டினால் கூடுதல் எடை; இரண்டாவதைத் தாண்டினால் பருமன். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் வந்துவிடுகின்றன என்பதால் கோடுகள் தாழ்த்தி வரையப்பட்டன. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ம் ஆண்டு அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. வரைபடம்கூடக் கையில் இல்லாவிட்டால், இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று நாடாவால் அளந்து பார்ப்பதே ஒரு நல்ல எச்சரிக்கை மணி.

உயரம் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒன்பது வயதில் 32 கிலோ எடையுள்ள சிறுவனைத் தராசு மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆனால் அவன் உயரம் 120 செ.மீ. மட்டுமே என்றால் குறியீட்டெண் 22-ஐத் தாண்டிவிடும். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நிறைந்த நாட்டில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019-21-ல், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்களாக இருந்தனர். அதே சுற்றில் கூடுதல் எடையுள்ள குழந்தைகள் 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்திருந்தனர். முதலில் பசியால் குட்டையாகி, பிறகு மலிவான எண்ணெயாலும் சர்க்கரையாலும் பருக்கும் குழந்தைக்கு இரண்டு பட்டியலிலும் இடம் உண்டு. புறநோயாளிச் சீட்டில் மட்டும் இடம் இல்லை.

மெலிவைத் தேடிப் பழகிய கண்: அரசின் திட்டங்கள் அனைத்தும் மெலிந்த குழந்தையைக் கண்டுபிடிப்பதற்காகவே வகுக்கப்பட்டவை. அதில் தவறு ஏதும் இல்லை. அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. ஆனால் அதே கண் கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க யாரும் பழக்கவில்லை. 2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். இக்குழுக்கள் தேட வேண்டிய 30 நிலைகள் கொண்ட முதல் பட்டியலில் கடும் ஊட்டக்குறைவு, ரத்தசோகை, கழுத்துக் கழலை எல்லாம் இடம்பெற்றன. உடல்பருமன் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை அளக்கிறார்கள். பிறகு 15 வயதுக்கு மேற்பட்டவர்களை அளக்கிறார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டுகள், அதாவது பருமன் வேர் பிடிக்கும் பள்ளிப் பருவம், கணக்கிலேயே வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது 2016-18-ல் சுகாதார அமைச்சகமும் யுனிசெஃப் அமைப்பும் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் அளந்த அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு எடை பற்றியது அல்ல. பள்ளி வயதினரிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது. வெளித்தோற்றத்தில் ஒல்லியாகத் தெரியும் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

தலைநகரில் நிலைமை இன்னும் தெளிவாகப் பிளவுபட்டிருக்கிறது. தில்லிப் பள்ளி மாணவர்களிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்றில், அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் பருமன் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அரசின் பள்ளிப் பரிசோதனைக் குழுக்களோ பெரும்பாலும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான் செல்கின்றன. பெற்றோர் கணக்கைப் பார்த்தால் தமிழர்களும் தலைநகரவாசிகளைப் பார்த்துத் தலையாட்ட முடியாது. 2019-21 ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடை அல்லது பருமன் உள்ளவர்கள் தில்லியில் 41.3 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம்.

அழுக்கு அல்ல: பருமனான குழந்தை பெரும்பாலும் பருமனுக்காக மருத்துவரிடம் வருவதில்லை. கழுத்தில் 'அழுக்கு' போகவில்லை என்று தோல் மருத்துவரிடம் போகிறது. பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருக்கும் அந்தப் படலத்துக்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ்' என்று பெயர். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி அது. அதை அறியாமல் பீர்க்கம் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய தாய்மார்கள் உண்டு. இரவில் குறட்டை, பகலில் வகுப்பில் தூக்கம் என்று காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குச் செல்லும் பிள்ளைகள், முழங்கால் வலி என்று எலும்புப் பிரிவுக்குச் செல்லும் பிள்ளைகள், மாதவிடாய் தவறுகிறது என்று மகளிர் பிரிவுக்கு அழைத்துவரப்படும் சிறுமிகள் என்று ஒரே நோய் நான்கு வாசல்களில் நுழைகிறது. ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வலிக்கு மட்டும் மருந்து எழுதப்படுகிறது. இடுப்பிலோ முழங்காலிலோ வலி என்று விந்தி நடந்துவரும் பருமனான பிள்ளையின் இடுப்பு மூட்டை உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருந்தால் தாமதம் ஆபத்து.

சரி, பருமன் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து நடப்பது என்ன? பல இடங்களில் முதலில் எழுதப்படுவது தைராய்டு பரிசோதனை. பெற்றோர் அதை விரும்பவும் செய்கின்றனர். பழி சுரப்பியின் மீது விழுந்துவிட்டால் சமையலறையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை அல்லவா? உண்மையில் உயரக் கோலே இதற்கும் விடை சொல்லிவிடுகிறது. உணவாலும் அசைவின்மையாலும் பருத்த குழந்தை வயதுக்கு ஏற்ற உயரத்துடனோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். பருமனோடு குட்டையாகவும் இருந்து, உயர வளர்ச்சி நின்றும்போயிருந்தால்தான் தைராய்டு முதலிய சுரப்பிகளைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு முன்பே கடும் பருமனும் அடங்காப் பசியும் இருந்தால் மரபணுக் கோளாறு இருக்கக்கூடும். ஸ்டீராய்டு, வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவற்றாலும் எடை ஏறும். இவை எல்லாம் சேர்ந்தும் மொத்தத்தில் சிறு பங்குதான்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் வேறு: குழந்தையின் கைக்குப் பொருந்தும் பட்டையுடன் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கல்லீரல் நொதி. பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரே பட்டையை எல்லாக் கைகளுக்கும் சுற்றும் மருத்துவமனைகள் குறைவல்ல.

இருபத்தாறு மணி நேரம்: சிகிச்சை என்று வரும்போதுதான் இந்தியப் புறநோயாளிப் பிரிவின் ஏழ்மை முழுமையாகத் தெரிகிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு 2024-ல் அளித்த பரிந்துரைப்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பருமனான குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேர நேரடி ஆலோசனை தேவை. அதற்குக் குறைந்தால் பலன் அரிது. இரண்டு நிமிடம் எங்கே, இருபத்தாறு மணி நேரம் எங்கே!

அந்த 26 மணி நேரத்தை மருத்துவர் ஒருவரே தர வேண்டியதில்லை. உணவியல் ஆலோசகர், செவிலியர், மனநல ஆலோசகர், உடற்பயிற்சி ஆசிரியர் என்று பகிர்ந்துகொள்ளலாம். பெரிய மருத்துவமனைகளில் வாரம் ஒருநாள் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குவதும் உண்டு. ஆனால் அதுவும் காலை வேளையில், பள்ளி நாளில். தினக்கூலித் தந்தையும் பள்ளிப் பிள்ளையும் மாதம் ஒருமுறை விடுப்பு எடுத்து வரவேண்டும். மூன்றாவது முறை வருபவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

பேச வேண்டியவை ரகசியம் ஒன்றும் அல்ல. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் மையக் கருத்து, குழந்தையை மட்டும் தனியாகப் பத்தியம் இருக்கச் செய்யாமல் குடும்பம் முழுவதும் மாற வேண்டும் என்பதே. அண்ணனுக்குக் குளிர்பானம், தம்பிக்கு வெந்நீர் என்றால் அந்த வீட்டில் சிகிச்சை அன்றே முடிந்தது. 300 மி.லி. குளிர்பானம் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி இருக்கிறது. அதை நிறுத்துவதே பல வீடுகளில் முதல் வெற்றி. பிறகு பள்ளி டிபன் டப்பாவில் பராத்தாவின் நெய், மாலைச் சமோசா, தெருமுனை மோமோ, இரவு கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கம், தூக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நடக்காது.

பேசும் விதமும் சிகிச்சையின் பகுதி. வரிசையில் இருபது பேர் கேட்க, 'என்ன இப்படிக் குண்டாக இருக்கிறான்' என்று உரக்கக் கேட்கும் ஒரு வாக்கியத்தில் அந்தப் பிள்ளை மீண்டும் வராதபடி செய்துவிட முடியும். பள்ளியில் ஏற்கெனவே பட்டப்பெயர் சுமந்துகொண்டிருப்பவன் அவன்.

தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பது அடுத்த அறிவுரை. தில்லி மருத்துவர் இதைச் சொல்லும்போது மாதத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் தலைநகரின் காற்று நச்சானபோது, பள்ளிகளின் திறந்தவெளி விளையாட்டுப் போட்டிகளை வேறு மாதங்களுக்குத் தள்ளிவைக்கப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றமே காற்றுத்தர மேலாண்மை ஆணையத்திடம் கூற நேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளையின் கையில் கைபேசிதான் இருக்கும். இதற்கு எந்த மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவது?

மருந்தைப் பொருத்தவரை, பெரியவர்களுக்கான எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு 2025-ல் வந்துவிட்டன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-லேயே 12 வயது முதல் மருந்தையும், கடும் பருமனில் 13 வயது முதல் அறுவை சிகிச்சையையும் பரிசீலிக்கலாம் என்று கூறிவிட்டது. இந்தியாவில் இவை கடைசிப் படியாகவே கருதப்படுகின்றன. உயரமே அளக்காத இடத்தில் ஊசி பற்றி விவாதிப்பது விரயம்.

ஒரு கையால் அறிவுரை: மத்திய அரசு பிரச்சினையை அறியாமல் இல்லை. பிரதமர் மோடி 2025 ஜனவரியில் டேராடூனில் தேசிய விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கிவைத்தபோதும், பிப்ரவரி 'மனதின் குரல்' உரையிலும் பருமனைப் பற்றிப் பேசினார். சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்க உத்தரவிட்டது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் உண்ணும் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 5 சதவீதமே இருக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சுட்டிக்காட்டியது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2020-ல் அறிவிக்கப்பட்டது. 50 மீட்டரை யார் அளக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் மற்றொரு கை என்ன செய்தது? 2025 ஜனவரி இறுதியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் மீது 'சுகாதார வரி' விதிப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. எட்டு மாதம் கழித்து, செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ், பொட்டலக் காரவகை ஆகியவற்றின் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. குளிர்பானத்துக்கு மட்டும் 40 சதவீதம்; முந்தைய 28 சதவீத வரியையும் 12 சதவீத மேல்வரியையும் கூட்டினாலும் அதே தொகைதான். நடுத்தர வர்க்கத்துக்குச் சலுகை என்று வரவேற்கப்பட்ட அந்தப் பட்டியலும், புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் தவிர்க்கச் சொல்லும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே.

பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடும் விவகாரமும் இழுபறிதான். 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நட்சத்திரக் குறியீடு கொண்ட வரைவை வெளியிட்டது. கெடுதலான பண்டத்துக்கும் இரண்டு மூன்று நட்சத்திரம் கிடைத்துவிடும், சிலி நாட்டைப் போல நேரடி எச்சரிக்கையே வேண்டும் என்று பொது சுகாதார ஆர்வலர்கள் எதிர்த்தனர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. ஜூலையில் அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

தராசு காட்டாத பலன்: முதலில் சொன்ன 47 கிலோ சிறுவனுக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு, எடையைக் குறைப்பது அல்ல, ஏறாமல் பார்த்துக்கொள்வது. வளரும் வயதில் உயரமே பாதி சிகிச்சையைச் செய்துவிடும். ஓராண்டில் அவன் 138 செ.மீ.யிலிருந்து 143 செ.மீ. ஆகி, எடை அதே 47 கிலோவில் நின்றால், குறியீட்டெண் 24.7-லிருந்து 23-க்கு இறங்கிவிடும். வரைபடத்தில் அது நல்ல இறக்கம். ஆனால் ஓராண்டு குளிர்பானம் இன்றிக் காத்திருந்த தாய், மறுபடியும் எடை மேடையில் அதே எண்ணைத்தான் காண்கிறாள். 'ஒரு கிலோகூடக் குறையவில்லையே' என்று கேட்டுவிட்டு, அடுத்த தேதி எழுதிய சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். அந்தச் சீட்டில் உயரம் எழுதப்பட்டிருந்தால்தான் மருத்துவரால் அவளுக்குப் பதில் சொல்ல முடியும்.